தெரியும், ஆனால் தெரியாது

போன மாதம் கடலூர் பஸ்ஸில் நடந்தது இது. தங்கை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் கையில் வெள்ளைக்கோல் இருந்ததைப் பார்த்து ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தார். நன்றி சொல்லி உட்கார்ந்தேன். கிருமாம்பாக்கம் தாண்டியதும், பழக்க தோஷம், பையிலிருந்து பேப்பரை எடுத்துப் பிரித்தேன். இரண்டு செய்தி படித்திருப்பேன். பின்னாலிருந்து குரல் கேட்டது.

"பாத்தியா, கையில குருட்டுக் கோலு. பேப்பர் மட்டும் நல்லா படிக்குது பெருசு. எல்லாம் சீட்டுக்கு வேஷம்."

எழுந்து இடம் கொடுத்த அதே அம்மாள்தான். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார். மெதுவாகச் சொன்னதாக நினைத்திருப்பார். எனக்குக் காது கூர்மை என்பது அவருக்குத் தெரியாது.

எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் என் கண் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எனக்கு இருப்பது கண் நீர் அழுத்த நோய். கிளாக்கோமா என்று டாக்டர்கள் சொல்வார்கள். அறுபத்தெட்டு வயதில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்னால் இருபது வருடம் நான் கண்ணைக் காட்டியதெல்லாம் கண்ணாடிக் கடையில்தான். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை கடகடவென்று படிப்பேன். "சார் கண்ணு பையன் கண்ணு மாதிரி" என்பார் கடைக்காரர். நானும் பெருமையாக வீட்டுக்கு வருவேன்.

ஆனால் வீட்டில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுவேன். வாசற்படி இறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிடுவேன். நிறுத்தி வைத்த ஸ்கூட்டர்மேல் போய் முட்டிக்கொள்வேன். என் மனைவி, "நிதானமே இல்லை உங்களுக்கு" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். கடற்கரைச் சாலையில், காந்தி சிலை பக்கம், பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் எனக்கு இடது புறமாக நின்று கையைத் தூக்கியிருக்கிறார். நான் பாட்டுக்குப் போய்விட்டேன். ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. "பென்ஷன் ஏறினதும் அவருக்குக் கண்ணு தெரியல போலிருக்கு" என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். பாவம், கிண்டலாகச் சொன்னார். அது அப்படியே உண்மை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கடைசியில் கண்புரை இருக்குமோ என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அழுத்தம் பார்த்தார்கள். பிறகு ஒரு பரிசோதனை. கிண்ணம் போன்ற ஒரு இயந்திரத்தில் தாடையை வைத்து, நடுவில் ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே வெளிச்சம் மினுக்கும். தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். ஐந்து நிமிஷம் ஆயிற்று, நான் அழுத்தவே இல்லை. இயந்திரம் ரிப்பேர் என்று நினைத்தேன். வந்த பெண்ணிடம், "அம்மா, லைட்டு வரலையே" என்றேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சும்மா இருந்ததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

இந்த நோயின் சூழ்ச்சி இதுதான். வலிக்காது, சிவக்காது, உறுத்தாது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டு வரும். முதலில் ஓரப் பார்வை போகும். நடுப் பார்வை கடைசி வரைக்கும் நிற்கும். ஓரத்தில் கறுப்பாகத் திரை விழுமா என்று கேட்கிறார்கள். விழாது. விழுந்தால் அன்றைக்கே ஓடிப்போய்க் காட்டியிருப்பேனே! தெரியாத இடத்தை மூளையே சுற்றுப்புறத்தை வைத்து நிரப்பிவிடுகிறது. சாலை இருக்கிறது, சுவர் இருக்கிறது, எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஸ்கூட்டர் மட்டும் இல்லை. இடித்த பிறகுதான் அது இருக்கிறது.

இரண்டு கண்ணும் நன்றாக உள்ளவர்களுக்குப் பக்கவாட்டில் ஏறக்குறைய 180 டிகிரி தெரியும். எனக்கு இப்போது நடுவில் சின்னதாக ஒரு வட்டம்தான் மிச்சம். அந்த வட்டத்துக்குள் பேப்பர் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. பேப்பரைப் பிடித்திருக்கும் என் கை தெரியாது. போனது போனதுதான், திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்ற ராத்திரி தவறாமல் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறேன்.

இனி, கோபம் ஏன் வரவில்லை என்ற கதை.

1980களின் கடைசி. அப்போது நான் உதவித்தொகை மனுக்கள் பார்க்கும் ஒரு பிரிவில் எழுத்தராக இருந்தேன். ஆபீஸ் பெயர் வேண்டாம். தப்பு ஆபீஸ் செய்ததல்ல, நான் செய்தது. கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். பார்வைக் குறைவுக்கான டாக்டர் சர்டிபிகேட் வைத்திருந்தார். உள்ளே வரும்போதே கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். மேஜை முன்னால் வந்து நின்றவர், என் தலைக்கு மேலே இருந்த சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, "பதினொண்ணு இருபது ஆயிடுச்சுங்களா, சாயந்திரத்துக்குள்ள முடிஞ்சிடுமாங்க? பொழுது சாஞ்சா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, ஊருக்குப் போக முடியாது" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கடிகாரத்தில் முள் தெரிகிறது. கதவு தெரியவில்லை. பகலில் தெரிகிறது. ராத்திரியில் தெரியாது. வசதிக்குத் தகுந்த குருடு என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். கோப்பில் குறிப்பு எழுதினேன். மனுதாரர் சுவர்க் கடிகாரத்தில் தாமாகவே நேரம் பார்க்கிறார். ஆகவே மறுபரிசோதனைக்கு அனுப்புவது உசிதம் என்று. அழகான கையெழுத்து எனக்கு. மேலதிகாரி அப்படியே மேலொப்பம் போட்டார். எனக்குக் கெட்டிக்கார எழுத்தர் என்று பெயர்.

அவர் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் ஏதோ ஒரு காகிதம் குறைந்தது. பிறகு வரவில்லை. மனுதாரர் வராததால் மேல்நடவடிக்கை தேவையில்லை என்று எழுதிக் கோப்பைக் கட்டி வைத்ததும் நான்தான்.

முப்பது வருடம் கழித்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் என் முறைக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான். விழித்திரை நோய், பிறவியிலேயே வந்தது என்றான். "முதல்ல ராத்திரியில தெரியாமப் போச்சு சார். அப்புறம் சைடு போச்சு. நேரா பாத்தா ஊசிகூடத் தெரியும். கதவுல இடிச்சிக்குவேன்" என்றான். எனக்குச் சுவர்க் கடிகாரம் ஞாபகம் வந்தது. பதினொன்று இருபது. அந்த மனிதர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அந்த நோய்க்கு அப்படியே பொருந்தியது. வேஷக்காரராக இருந்தால் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி நடித்திருக்க மாட்டாரா? அவர் உள்ளதைச் சொன்னார். அதனால்தான் மாட்டிக்கொண்டார்.

அதனால்தான் பஸ்ஸில் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அம்மாள் வாயால் சொன்னதை நான் மையால் எழுதியவன். அவர் சொன்னதால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. நான் எழுதியதால் ஒருவருக்கு மாதச் சோறு போயிற்று.

நமக்கெல்லாம் மனதில் இரண்டே பெட்டிகள் இருக்கின்றன. கண் தெரியும், கண் தெரியாது. நடுவில் இருப்பவனை எங்கே போடுவது என்று தெரிவதில்லை. தெரியாத பெட்டியில் போட்டால் பரிதாபப்படுகிறோம். தெரிந்த பெட்டியில் போட்டால் சந்தேகப்படுகிறோம். உண்மையில் கண் தெரியவில்லை என்று சொல்லும் பலருக்கு ஏதோ கொஞ்சம் தெரியும். வெளிச்சமாவது, நிழலாவது, நிறமாவது தெரியும். முழு இருட்டு என்பது குறைந்த பேருக்குத்தான்.

அந்த நடுவிலும் எத்தனை வகை! என்னைப் போன்றவர்களுக்கு நடு தெரியும், ஓரம் தெரியாது. வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோனால் நேர்மாறாக இருக்கும். ஓரம் தெரியும், நடு தெரியாது. அவர்கள் தெருவில் தாராளமாக நடப்பார்கள், தரையில் கிடக்கும் காசைக்கூடப் பார்த்துவிடுவார்கள். எதிரே நிற்கும் பேரன் முகம் தெரியாது. சர்க்கரை நோய் கண்ணைத் தாக்கினால் திட்டுத் திட்டாக மறைக்கும், ஒரு நாள் நன்றாக, ஒரு நாள் மோசமாக. புரை விழுந்தவர்களுக்கு வீட்டுக்குள் ஓரளவு தெரியும், வெயிலிலும் எதிரே வரும் விளக்கிலும் கூசிப்போய் ஒன்றும் தெரியாது. ஒரே ஆள் காலையில் பார்க்கிறவராகவும் சாயங்காலம் பார்க்காதவராகவும் இருக்கலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அங்கே குருடருக்கு 'அவெக்ல்' என்ற ஒரு வார்த்தைதான் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னாளில் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் 'மால்வுவாயான்' என்று படித்தேன். சரியாகத் தெரியாதவர் என்று பொருள். பரவாயில்லையே, நடுவில் இருப்பவனுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்களே என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், நம் பாட்டிமார்களிடம் அதற்கு முன்பே ஒரு மூட்டை வார்த்தை இருந்தது. வெள்ளெழுத்து, மாலைக்கண், புரை, பூ விழுந்த கண், மங்கல், கூச்சம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, ஒவ்வொரு விதம். வார்த்தை இருந்தது. ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்ததும் எனக்கு அதெல்லாம் மறந்துபோயிற்று.

சட்டமும் இப்போது இந்த நடுவை ஒத்துக்கொள்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையின்மையையும் குறைந்த பார்வையையும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறது. கண்ணாடி போட்ட பிறகும், நல்ல கண்ணில் 3/60க்குக் கீழே இருந்தால் பார்வையின்மை. அதாவது மற்றவர் 60 மீட்டரில் பார்ப்பதை இவர் 3 மீட்டர் கிட்டே போனாலும் பார்க்க முடியாது. எழுத்து எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், பார்வை வட்டம் 10 டிகிரிக்குள் சுருங்கிவிட்டால் அதுவும் சட்டப்படி பார்வையின்மைதான். 10க்கு மேல், 40க்குள் என்றால் குறைந்த பார்வை. கடைசி வரி வரை படிக்கிறவனும் சட்டப்படி பார்வையற்றவனாக இருக்கலாம் என்பதைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போலிச் சர்டிபிகேட் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. நாற்பது வருட ஆபீஸ் அனுபவத்தில் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதைக் கண்டுபிடிக்க டாக்டர் இருக்கிறார், இயந்திரம் இருக்கிறது. எழுத்தரின் ஓரக்கண்ணும் பஸ் பயணியின் ஊகமும் அதற்குக் கருவி அல்ல. பத்துப் போலிகளைப் பிடிக்கிறேன் என்று ஒரு நிஜத்தைத் துரத்திவிட்டால், துரத்தப்பட்டவர் மேல்முறையீடு செய்ய வரமாட்டார். இருட்டுவதற்குள் ஊருக்குப் போய்விடுவார்.

லூயி பிரெயில் கதையை நாங்கள் பள்ளியில் படித்தோம். 1809ல் பாரிசுக்குப் பக்கத்தில் கூவ்ரே என்ற ஊரில் பிறந்தவர். மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் விளையாடும்போது கூர்மையான கருவி ஒரு கண்ணில் குத்தியது. அது சீழ் பிடித்து மற்ற கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போயின. பதினைந்து வயதில் ஆறு புள்ளி எழுத்தைக் கண்டுபிடித்தார். இறந்து நூறு வருடம் கழித்து, 1952ல், அவர் உடலைப் பாரிசில் பாந்தியோனுக்குக் கொண்டுபோய் மரியாதை செய்தார்கள். இதெல்லாம் மனப்பாடம். மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவில் அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரிந்தது, எதெதில் இடித்துக்கொண்டது, யாரிடம் திட்டு வாங்கியது என்று அன்று நான் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன்.

வெள்ளைக்கோலும் அதே பாரிசில் பரவியதுதான். 1931ல் கிய்யி தெர்பெமோன் என்ற ஒரு சீமாட்டி, பார்வையற்றவர்கள் வண்டிகளுக்கு நடுவே தவிப்பதைப் பார்த்து, வெள்ளைக்கோல் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார். ஏன் வெள்ளை? வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. கோல் தரையைத் தடவிப் பார்க்க மட்டுமல்ல. அது மற்றவர்களின் கண்ணுக்காகவும்தான். இந்த ஒரு விஷயம் புரியாமல், கோலை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு இரண்டு வருடம் வீட்டோடு கிடந்தேன். ஊரார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம். அதை எடுத்துக்கொண்டு முதல் நாள் தெருவில் இறங்கியபோது, ஸ்கூட்டர் பையன்கள் ஒதுங்கிப் போனார்கள். பழைய நண்பரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லியிருக்கக் கூடாதாய்யா?" என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

ஆகையால் இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தைகள்.

கண்ணாடிக் கடையோடு நிறுத்தாதீர்கள். நாற்பது தாண்டிய எவரும் கண் டாக்டரிடம் போய் அழுத்தமும் நரம்பும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். "குடும்பத்தில் யாருக்காவது உண்டா?" என்று டாக்டர் கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அப்பா ஞாபகம் வந்தது. கடைசி வருடங்களில் அவரும் டம்ளரைத் தட்டுவார், திண்ணையில் தடுக்குவார். பேப்பர் மட்டும் எழுத்து விடாமல் படிப்பார். அதனால் கண் நன்றாக இருக்கிறது, ஆளுக்குத்தான் கவனம் இல்லை என்று நாங்கள் முடிவு கட்டினோம். "கண்ணை எங்கே வச்சிருக்கீங்க?" என்று நான் கத்தியது இன்றும் என் காதில் கேட்கிறது. அதுதான் நோய் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. திட்டியது மட்டும் உறுதி. உடனே தங்கையைப் பார்க்கச் சொன்னேன். அவளுக்கும் அழுத்தம் இருந்தது. ஆரம்பம்தான். சொட்டு மருந்தில் நிற்கிறது, ஓரமெல்லாம் தெரிகிறது.

கண் குறைந்தவரை எங்காவது பார்த்தால் முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் யாரு, சொல்லுங்க பாக்கலாம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அவரே பிடித்துக்கொண்டு வருவார். வீட்டில் நாற்காலியை இடம் மாற்றினால் சொல்லிவிட்டு மாற்றுங்கள். படி விளிம்பில் மஞ்சள் பட்டை ஒன்று அடித்து வையுங்கள், செலவு ஒரு சின்ன டப்பா பெயிண்ட். நடைபாதையில் வண்டி நிறுத்துகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. என் முழங்கால் தழும்பு சொல்லும்.

குறைந்தது என்று தெரிந்தால் வாய் விட்டுச் சொல்லுங்கள். எவ்வளவு தெரியும், எது தெரியாது என்று விளக்கமாகச் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்கள் மனதிலிருக்கும் இரண்டு பெட்டியில் ஒன்றில் நம்மைப் போட்டுவிடுவார்கள்.

பஸ்ஸில் நான் அதைத்தான் செய்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் திரும்பினேன். "அம்மா, இப்போ உங்க மூக்குத்தி எனக்கு நல்லாத் தெரியுது. உங்க பக்கத்துல ஒரு பொண்ணு நின்னு பேசினது காதுல விழுந்தது, அவங்க எனக்குத் தெரியல. இதுதான் என் கண்ணு" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சங்கடப்படுத்திவிட்டோமோ என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கடலூர் வந்து எல்லோரும் இறங்கும்போது கிட்டே வந்தார்.

"எங்க மாமனாரும் பேப்பர் படிக்கிறாரு, ஆனா நெலப்படியில இடிச்சிக்கிறாரு. நாங்க திட்டிக்கிட்டே இருக்கோம். இதை எங்க பாக்குறாங்க ஐயா?"

ஜிப்மரைச் சொன்னேன். தாண்டி வந்த தவளக்குப்பத்தில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையையும் சொன்னேன். முதலில் திட்டுவதை நிறுத்துங்கள் என்றும் சொன்னேன்.